சிவப்பு அட்டை: வாசல்படி வரை ஐந்து நட்சத்திரம், தெருவில் இரண்டு

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், குடியேற்ற அதிகாரி வந்தால் காட்டுவதற்கான இந்தச் சிவப்பு அட்டை ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "வாங்கி வை, பர்ஸில் கிடக்கட்டும்" என்று ஒருவர் சொல்கிறார். "நமக்கு எதுக்கு அது, நம்மகிட்டதான் விசா இருக்கே" என்று இன்னொருவர் சொல்கிறார். ஐந்து மாதமாக என் பர்ஸில் இருக்கிறது, ஒரு முறை கண் முன்னால் அது வேலை செய்வதையும் பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், பேப்பர் இல்லாதவருக்கு, அதாவது தங்குவதற்கான ஆவணம் இல்லாதவருக்கு, நாட்டுக்குள் நடமாடும் உரிமை இருக்க வேண்டுமா என்ற கேள்வியையும் சேர்த்து.

முதலில் பொருளைப் பற்றி. விசிட்டிங் கார்டு அளவுதான். இமிக்ரன்ட் லீகல் ரிசோர்ஸ் சென்டர் என்ற அமைப்பு 2007-இல் தயாரித்தது. ஒரு பக்கம் கையில் வைத்திருப்பவருக்கு, அவர் மொழியில். மறு பக்கம் எதிரே நிற்கும் அதிகாரிக்கு, ஆங்கிலத்தில். உங்களுக்குச் சொல்வது: குடியேற்ற அதிகாரி தட்டினால் கதவைத் திறக்காதே, கேள்விக்குப் பதில் சொல்லாதே, வக்கீலிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. அதிகாரிக்குச் சொல்வது: அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தின்படி நான் பேசவோ ஆவணம் எதையும் தரவோ விரும்பவில்லை, நான்காவது திருத்தத்தின்படி என் வீட்டுக்குள் வர அனுமதி தரவில்லை, நீதிபதி கையெழுத்திட்ட, என் பெயர் போட்ட வாரன்ட் இருந்தால் கதவுக்கு அடியில் தள்ளுங்கள், என் உடைமைகளைச் சோதிக்கவும் அனுமதி இல்லை. அவ்வளவுதான். அச்சுக்கு ஏற்ற கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது, நான் ஒரு பொது நூலகத்தின் கவுன்டரில் இருந்த கட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏதோ திருடுகிற மாதிரி. அச்சடித்த பேப்பர் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் பர்ஸில் ஐந்து மாதம் இருந்து மூலை மடங்கிவிட்டது. லேமினேட் செய்துகொள்வது நல்லது.

வீட்டுக்கு இதைவிட நல்ல பொருள் இருக்க முடியாது. காரணம் எளிமை. கதவுக்கு வெளியே நான்கு பேர் நின்று சத்தம் போடும்போது யாருக்கும் சட்டம் ஞாபகம் வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலம் தெரிந்தவருக்கே திக்கும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் ஒரு அட்டையைக் கதவுக்கு அடியில் தள்ளினால் போதும் என்பது பெரிய நிம்மதி. அதோடு, ஐஸ் (ICE, குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் பெரும்பாலும் கையில் கொண்டுவருவது அவர்கள் துறை அதிகாரியே கையெழுத்திட்ட வாரன்ட், நீதிபதி போட்டது அல்ல. அட்டையில் உள்ள "நீதிபதி" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அதனால்தான் அத்தனை கனம். இதெல்லாம் குடிமக்களுக்கு மட்டும்தானே என்று கேட்பவர்களுக்கு: ஐந்தாவது திருத்தத்தில் குடிமகன் என்ற சொல்லே இல்லை, "எந்த நபரும்" என்றுதான் இருக்கிறது. பேப்பர் இல்லாதவரும் நபர்தான். 1886-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன சலவைக் கடைக்காரர் வழக்கில் வெளிநாட்டவருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, புதிய விஷயமே இல்லை.

வாசல்படியைத் தாண்டினால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வெளியே இருப்பவருக்கு இந்த அட்டை கொடுப்பது ஒரே ஒரு வரி. "நீ வீட்டுக்கு வெளியே இருந்தால், போகலாமா என்று அதிகாரியிடம் கேள், போகலாம் என்றால் அமைதியாகப் போ." கதவுக்கு மூன்று நான்கு கட்டளை, மொத்த நாட்டுக்கும் ஒரு கேள்வி. முதலில் படித்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. பேருந்தில்தான் உறைத்தது.

கனடா எல்லையை ஒட்டிய ஒரு ஊரில் ராத்திரி பேருந்து நின்றது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. சீருடையில் இரண்டு பேர் ஏறி, முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஓட்டுநர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் எனக்கு மூன்று வரிசை முன்னால் இருக்கும்போதே பையைத் திறந்து பாஸ்போர்ட்டையும் விசா பக்கத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், பரீட்சையில் முதல் ஆளாகத் தாளை நீட்டுகிற பையன் மாதிரி. அட்டை பர்ஸிலேயே இருந்தது. என் முன் இருக்கைக்காரர் அந்தச் சிவப்பு அட்டையைத்தான் எடுத்தார். ஒன்றும் பேசாமல் நீட்டினார். அதிகாரி ஒரு பக்கம் படித்தார், திருப்பினார், திரும்பக் கொடுத்தார், அதே கேள்வியை இன்னும் இரண்டு முறை கேட்டார். முன் இருக்கைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கி வெளியே நின்று ரேடியோவில் பேசினார்கள், பேருந்தில் ஒரு சத்தமும் இல்லை, இருபது நிமிடம் இருக்கும். பிறகு ஒருவர் மட்டும் ஏறி ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினார். பேருந்து கிளம்பியது.

அந்த மனிதர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, பேப்பர் இல்லாதவரா, எனக்குத் தெரியாது, இன்று வரை. கேட்கவும் இல்லை. அட்டைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பேருந்தில் கிட்டத்தட்ட எல்லோரும் என்னைப் போலப் பதறியடித்துப் பேப்பரை நீட்டினோம். நீட்டாதவர் ஒருவர்தான். எல்லோரும் காட்டும்போது காட்டாதவர்மீது வெளிச்சம் விழத்தான் செய்யும். பேசாமல் இருக்கும் உரிமையை ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் அது கைகாட்டி மாதிரி ஆகிவிடுகிறது. இது அட்டையின் குறை இல்லை, எங்கள் குறை.

ஊர் திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். எல்லையிலிருந்து "நியாயமான தூரத்துக்குள்" ரயில், பேருந்து, வண்டி எதிலும் ஏறி வெளிநாட்டவர் இருக்கிறார்களா என்று தேட, எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரலுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த நியாயமான தூரம் 100 மைல் என்று 1953-இல் ஒரு விதி போட்டார்கள். எல்லை என்றால் மெக்சிகோ, கனடா மட்டுமில்லை, கடற்கரையும் சேர்த்தி. ஆக நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், ஃபுளோரிடா மாநிலம் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது. மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பட்டைக்குள் வசிப்பதாக ஏசிஎல்யு என்ற குடிமை உரிமை அமைப்பின் கணக்குச் சொல்கிறது. எல்லையைப் பார்த்தே இராதவர்கள் எல்லையில் வாழ்கிறார்கள்.

இதில் அட்டைக்கு எவ்வளவு பலம்? கலவையான பதில். 1975-இல் உச்ச நீதிமன்றம், ரோந்து போகிறவர்கள் முகச்சாயல் மெக்சிகன் மாதிரி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை நிறுத்தக்கூடாது என்றது. அடுத்த வருடமே, சாலையில் உள்ள நிரந்தர செக்பாயின்டில் (சோதனைச் சாவடியில்) எந்தச் சந்தேகமும் இல்லாமல் எல்லா வண்டியையும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்றது. அந்த வழக்கில் வந்த சான் கிளெமென்டே செக்பாயின்ட் மெக்சிகோ எல்லையிலிருந்து சாலை வழியாக 66 மைல் வடக்கே இருக்கிறது. 2000-இல் பேருந்துப் பயணிகளுக்குச் சாதகமாக ஒன்று: டெக்சஸில் ஒரு பேருந்தில் குடியேற்றச் சோதனைக்கு ஏறிய அதிகாரி மேல் தட்டில் இருந்த பையை அமுக்கிப் பார்த்தார், அது சட்டப்படி சோதனைதான், செல்லாது என்று 7-2 என்று தீர்ப்பு. அட்டையில் உள்ள "என் உடைமைகளைச் சோதிக்க அனுமதி இல்லை" என்ற வரி பேருந்திலும் நிற்கும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். அப்புறம் 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நீதிபதி, இனத் தோற்றம், ஸ்பானிஷ் பேசுவது அல்லது உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை, இந்த நான்கை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக்கூடாது என்றார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. உச்சரிப்பு என்ற சொல்லைப் படித்ததும் நான் என் குரலை நினைத்துக்கொண்டேன்.

பேருந்து நிறுவனங்கள் கையில் ஒரு விஷயம் இருக்கிறது. வாரன்ட் இல்லாமல் பேருந்துக்குள் ஏற நிறுவனத்தின் சம்மதம் வேண்டும் என்று பார்டர் பேட்ரலின் உள் குறிப்பே சொன்னது 2020-இல் வெளியே கசிந்தது. அதற்குப் பிறகுதான் கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனம், இனி சம்மதம் இல்லை என்று அறிவித்தது. அதாவது அதுவரை எல்லோரும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு தலையாட்டல்தான். இந்த அட்டை பயணிக்கு மட்டும் அச்சடிக்கப்பட்டிருக்கிறது, ஓட்டுநருக்கும் ஒன்று அடித்திருந்தால் என் முன் இருக்கைக்காரர் இருபது நிமிடம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டியிருக்காது.

சரி, பேப்பர் இல்லாதவருக்கு நாட்டுக்குள் நடமாடும் உரிமை இருக்க வேண்டுமா, இதுதானே கேள்வி. இருக்க வேண்டும் என்பது என் பக்கம். ஆனால் எதிர்த் தரப்பும் முட்டாள்தனமில்லை. எல்லையைத் தாண்டிவிட்டால் அப்புறம் கேள்வியே இல்லை என்றால் எல்லை எதற்கு, விசா முடிந்தும் தங்கிவிட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது, வருடக்கணக்கில் வரிசையில் நிற்கும் எச்-1பி ஆள் மட்டும் இளிச்சவாயனா என்று கேட்கிறார்கள். கடைசிக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன், வரிசையில் நிற்பவன் நான்தான். சர்வதேச ஆவணங்களே இரண்டு மனதாகத்தான் இருக்கின்றன. 1948-இன் மனித உரிமைப் பிரகடனம் 13-ஆம் பிரிவில் "ஒவ்வொருவருக்கும்" நாட்டின் எல்லைக்குள் நடமாடும் உரிமை என்றது. 1966-இன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் அதையே "சட்டப்படி நாட்டுக்குள் இருக்கும்" ஒவ்வொருவருக்கும் என்று சுருக்கியது. பதினெட்டு வருடத்தில் ஒரு அடைமொழி நுழைந்தது, கோடிக்கணக்கான பேர் வெளியே போனார்கள். அமெரிக்கா 1992-இல் ஏற்றுக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான்.

இதில் எனக்கு வினோதமாகப் படுவது, பேப்பர் இல்லாதவர் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போகக்கூடாது என்று அமெரிக்காவில் எந்தச் சட்டமும் நேராகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 1982-லிருந்து பல வருடம், புகலிடம் கேட்டவர் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வாங்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தார்கள், 2015-இல்தான் அதைப் பொதுவாக முதல் மூன்று மாதத்துக்குச் சுருக்கினார்கள். அங்கே சண்டை போட ஒரு சட்டப் பிரிவாவது இருந்தது. இங்கே அப்படி ஒரு பிரிவு கிடையாது, ஆனால் சாலையே மறிக்கிறது. தெற்கு டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஆறு, அதுதான் எல்லை. மேலே சுமார் 70 மைல் தள்ளி ஃபால்ஃபூரியஸ் செக்பாயின்ட். நடுவில் வாழும் பேப்பர் இல்லாத குடும்பங்களுக்கு அந்தத் துண்டுதான் நாடு. பிள்ளைக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் மருத்துவமனை வடக்கே இருக்கும், அம்மா தெற்கே நிற்பார். 2017-இல் மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுச் சிறுமியை ஆம்புலன்ஸில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் தெற்கு டெக்சஸின் இன்னொரு செக்பாயின்டில் நிறுத்தினார்கள், அதிகாரிகள் மருத்துவமனை வரை கூடவே போய், சிகிச்சை முடிந்ததும் காவலில் எடுத்தார்கள். அந்த ஆம்புலன்ஸில் இந்தச் சிவப்பு அட்டையை யார் யாரிடம் நீட்டுவது?

வண்டி ஓட்டலாம் என்றால் அதிலும் ஒட்டுப்போட்ட துணிதான். 19 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் பேப்பர் பார்க்காமல் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கின்றன, கலிஃபோர்னியா 2015-லிருந்து. மற்ற மாநிலங்களில் கிடையாது. ஃபுளோரிடா 2023-இல் ஒரு படி மேலே போய், பேப்பர் இல்லாதவர்களுக்கென்றே வேறு மாநிலங்கள் தரும் தனி வகை லைசென்ஸ் தன் சாலையில் செல்லாது என்றது. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காகக் காப்பீடு கட்டி ஓட்டிவந்தவர், மாநில எல்லைப் பலகையைத் தாண்டிய நொடியில் லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிடுகிறார். வண்டியும் அவரும் மாறவில்லை. விமானத்துக்கு 2025 மே 7 முதல் ரியல் ஐடி, அதாவது கூட்டாட்சித் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை. சொந்த நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டி ஏறலாம், ஏற்பார்கள், ஆனால் அந்த வரிசையில் நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும். சரி, நண்பர் கொண்டுபோய் விடட்டும் என்றால், பேப்பர் இல்லாதவர் தங்கியிருக்க உதவும் நோக்கில் தெரிந்தே ஏற்றிச் செல்வது கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம்.

பேப்பர் இல்லாதவரை வெளியேற்ற வேண்டும் என்று அரசு நினைத்தால் நோட்டீஸ் கொடுக்கட்டும், நீதிபதி முன் நிறுத்தட்டும், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த நீதிமன்றத்துக்கே அவர் பேருந்தில்தான் போக வேண்டும். போகும் வழியை மறித்துவிட்டு "வரவில்லை" என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அதோடு, பேப்பர் இல்லாதவரை நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவரைத் தேடுவதென்றால் எல்லோரையும் தேட வேண்டும், எல்லோரையும் முடியாது என்பதால் கறுப்பாகவும் மாநிறமாகவும் இருப்பவரைத் தேடுவார்கள். அவருடைய நடமாட்டம் போனால் என்னுடையதும் கூடவே போகிறது. வரிசையில் நிற்கும் எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அந்த ராத்திரி மடியில் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

மறுபடி அட்டைக்கு வருகிறேன். அதில் இல்லாதவை, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் 18 வயது நிரம்பிய எல்லோரும் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நம்மாட்களுக்கு அது பெரும்பாலும் ஐ-94, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு. அட்டை "எதையும் கொடுக்காதே" என்கிறது, இந்தச் சட்டம் "வைத்திரு, கேட்டால் காட்டு" என்கிறது, இரண்டையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று அட்டையில் ஒரு வார்த்தை இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஓட்டை, உங்கள் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். சில மாநிலங்களில் சந்தேகத்தின் பேரில் போலீஸ் நிறுத்தினால் பெயரையாவது சொல்ல வேண்டும், அதுவும் அட்டையில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது: பயத்தில் "நான் சிட்டிசன்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடக்கூடாது. பொய்யாகக் குடியுரிமை கோரினால் பின்னால் எந்த வழியில் வந்தாலும் அது ஆயுளுக்கும் துரத்தும். மௌனத்துக்கு அந்தத் தண்டனை கிடையாது. இந்த ஒரு வரியைச் சேர்க்க அட்டையில் இடம் இருக்கிறது, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

செக்பாயின்டுக்கும் அட்டை பெரிதாக உதவாது. அங்கே வண்டியை நிறுத்துவது சட்டப்படி, நீங்கள் பேசாமல் இருக்கலாம், ஆனால் ஓரம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டும். சம்மதமோ தகுந்த காரணமோ இல்லாமல் வண்டிக்குள் தேட முடியாது, அந்த அளவுக்கு அட்டை துணை நிற்கும்.

ஆக, வீட்டுக்கு ஐந்து, பேருந்துக்கு மூன்று, காருக்கு இரண்டு, செக்பாயின்டுக்கு ஒன்று. தலைப்பில் தெருவுக்கு இரண்டு என்று போட்டது வீடு தவிர்த்த மற்ற மூன்றின் சராசரி. இலவசம் என்பதால் எப்படியும் வாங்கி வையுங்கள்.

விசிட்டர் விசாவில் என் மாமியார் வந்திருக்கிறார், ஆங்கிலம் கொஞ்சம்தான். அவருக்கும் ஒரு அட்டை கொடுத்தேன், ஓரத்தில் பேனாவால் தமிழிலேயே எழுதி: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" இரண்டு நாள் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நேற்று மாலை நடக்கக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை, நான் போகலாமான்னு இங்கிலீஷ்ல கேட்டுடுவேன். போகக்கூடாதுன்னு சொல்லிட்டா?"

"ஐ வான்ட் எ லாயர்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடுங்க அத்தை. வேற எதுவும் பேச வேண்டாம்."

"அதையும் எழுதிக் கொடுங்க" என்று அட்டையைத் திருப்பி நீட்டினார். மறு பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன், பாதி வரி சிவப்பின் மேல் போய்விட்டது, நீல மசி சரியாகத் தெரியவில்லை.